சிலேட்டில் தங்கிய முகம்

ஓர் அக்டோபர் சாயங்காலம். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டும் கஸ்பாரின் வீட்டு முன்னறையில், முப்பது பேர் முழங்காலில் இருந்தார்கள். கஸ்பாரின் மனைவி ரோஸ்மேரி மாதாவின் மன்றாட்டு மாலையைச் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்த மாலையில் மாதாவைக் கோபுரமே என்று அழைக்கும் வரிகள் இரண்டு அடுத்தடுத்து வரும். முதல் கோபுரத்தைச் சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள். அதற்கடுத்தது என்ன என்பது நாக்கைவிட்டுப் போய்விட்டது. ஒரு நொடி, இரண்டு நொடி. முன்னால் இருந்தவர்கள் தலையைத் தூக்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து, பின்வரிசையில் இருந்த ஐரீனின் கையிலிருந்து ஜெபமாலை நழுவி சிமெண்டுத் தரையில் சடசடவென்று விழுந்தது. எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. ஐரீன் குனிந்து, தரையைத் தடவி, மாலையை எடுத்து, சிலுவையை முத்தமிட்டு முடிப்பதற்குள் ரோஸ்மேரிக்கு அடுத்து வரவேண்டிய பொன் ஆலயம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஜெபம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ரோஸ்மேரி விடவில்லை.

"இன்னா ஐரீனு, மாதா பேரைச் சொல்றப்ப மணியை ஒழுங்காப் புடிச்சிகினு இருக்க முடியாதா?"

"இறாலு கை ரோஸு. வழுக்கிடுச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். ஐரீனும் சிரித்தாள். அந்த வருஷம் மட்டுமல்ல, அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை அவள் கை வழுக்கியிருக்கிறது. சந்தில் அது ஒரு வழக்கமான கேலியாகவே ஆகிவிட்டது.

ஐரீன் காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகிறவள். கருக்கலில் போய் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு உட்கார்ந்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கிடக்கும். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டார்கள். தம்பி பிராங்கிளினை அவள்தான் வளர்த்து, தொழில் படிக்க வைத்து, கப்பலில் ஃபிட்டராக ஏற்றிவிட்டாள். அதற்குள் அவளுக்குக் கல்யாண வயசு தாண்டிவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. யாராவது கேட்டால், "எவன் வந்தாலும் இறாலு நாத்தம்னு சொல்லுவான், நான் அவனுக்காக வேலைய வுட முடியுமா" என்பாள். கான்வென்ட் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். நிறுத்தி நிதானமாகப் படிப்பாள்.

ரோஸ்மேரி ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் நாலு பேர் முன்னால் புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். ஜெபங்களையெல்லாம் சின்ன வயசில் கன்னியாஸ்திரிகள் மடத்தில் சமையலுக்கு நின்றபோது காதால் கேட்டே மனசில் ஏற்றிக்கொண்டவள். பதினெட்டு வருஷமாக அந்தச் சந்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு ஜெபமாலை நடத்துவது அவள்தான். சனிக்கிழமை தவறாமல் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒரு சந்தி விரதம் இருப்பாள். மூன்று தடவை வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்திருக்கிறாள்.

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. அக்டோபர் முழுக்க மாதா சிலை, அவர்கள் சொல்லும் சுரூபம், ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று போகும். எந்த வீட்டில் சுரூபமோ அந்த வீட்டில் அன்றைய ஜெபமாலை. கடைசி நாள் எல்லா வீட்டுப் பெயரையும் சீட்டில் எழுதி டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர்கள் வீட்டில் சுரூபம் அடுத்த அக்டோபர் வரைக்கும் தங்கும். பதினெட்டு வருஷத்தில் ரோஸ்மேரியின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அவளும் சுவரில் ஒரு பலகை அடித்து, பின்னல் துணி விரித்து, அதில் வேறு எதையும் வைக்காமல் காத்திருந்தாள். கஸ்பார் ஒருநாள் தன் சவரக் கண்ணாடியை அதில் வைத்துவிட்டு இரண்டு நாள் சாப்பாட்டுக்குத் திண்டாடினார்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஐரீனுக்குக் கண்ணில் புரை விழுந்தது. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புத்தகத்து எழுத்து அவளுக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிந்தது. அந்தச் செப்டம்பரில் லீவில் வந்த பிராங்கிளின், கூட வேலை செய்த ஒருவனிடம் வாங்கிய, புத்தகம் படிக்கிற பழைய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தான். பார்க்க சிலேட்டு மாதிரி இருக்கும். டிவி மாதிரி வெளிச்சம் அடிக்காது. செய்தித்தாள் நிறத்தில் பக்கம், அதில் கறுப்பு எழுத்து. ஜெபப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அதற்குள் ஏற்றியிருந்தான். ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு. முதல் பக்கத்தில் மாதா படம்.

இன்னொரு விசேஷமும் அதற்கு இருந்தது. கரண்டே இல்லாமல் அந்தப் படம் அப்படியே நிற்கும். அதனால் ஐரீன் பகலெல்லாம் மாதா படத்தைத் திறந்தபடியே அதை வீட்டு ஜெபப் பீடத்தில் சாய்த்து வைத்திருப்பாள். கப்பலுக்குத் திரும்புமுன் பிராங்கிளின் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனான். ரொம்ப நேரம் ஒரே படம் நின்றால், அடுத்த பக்கம் புரட்டினாலும் அதன் சாயல் கொஞ்சம் தங்கும். பயப்படாதே, நாலைந்து பக்கம் தள்ளினால் போய்விடும் என்றான்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி சுரூபம் ஐரீன் வீட்டுக்கு வந்தது. ரோஸ்மேரி ஜெபத்தைத் தொடங்கினாள். நடுவில் அன்றைய தேவரகசியத்தின் தியானத்தைப் படிக்கவேண்டும். வழக்கமாக ரோஸ்மேரி மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு வரியைச் சொல்லிச் சமாளித்துவிடுவாள். அன்றைக்கு ஐரீன், "நான் படிக்கட்டா ரோஸு, புதுசா மெஷினு வந்துகீது" என்று சிலேட்டை எடுத்து ஒரு தடவை அமுக்கினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நண்டு வியாபாரம் செய்யும் சாரா. அவளுடைய மருமகள் வயிற்றுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தாள். சாரா சிலேட்டை எட்டிப் பார்த்தாள். பார்த்தபடியே ஐரீனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இரு. அசைக்காத. எழுத்துக்குப் பின்னால பாரு."

எழுத்துகளுக்கு அடியில், சாம்பல் பூசினாற்போல, முக்காடும் சாய்ந்த முகமும் தெரிந்தன. கண்கூட இருந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வந்து பார்த்தார்கள். ரோஸ்மேரியும் பார்த்தாள். 

"அது ஒண்ணுமில்ல சாரா," என்றாள் ஐரீன். "முன்னாடி பக்கத்துல படம் இருந்திச்சே, அத்தோட நெழலு. பிராங்கிளின் சொல்லிட்டுத்தான் போனான். பழைய மெஷினு, சட்டுனு அழியாது."

"நெழலுன்னா யாரு நெழலு? மாதா நெழலுதான?"

"ஆமா, ஆனா..."

"அப்ப வுடு."

வெளியே போகும்போது பெண்கள் பேசிக்கொண்டார்கள். "தாழ்ச்சியைப் பாரேன். வேற ஒருத்தியா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பா." அந்தப் பேச்சு ரோஸ்மேரியின் காதில் விழுந்தது. அதிசயம் ஐரீனுக்குக் கிடைத்தது போதாதென்று, இல்லை என்று சொன்னதற்கும் அவளுக்கே பேர்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கஸ்பார் கேட்டார்: "இன்னாமே, மூஞ்சி அடுப்பாண்ட வெச்ச மாரி கீது?"

"ஒண்ணுமில்ல. சாப்புடு."

"ஐரீன் நல்லா படிக்குதில்ல? ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா வந்து வுழுது."

தட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மீன் துண்டு சட்டிக்கே திரும்பிப் போனது. கஸ்பார் வெறும் குழம்பில் சாப்பிட்டு எழுந்தார். என்ன தப்பு செய்தோம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து எந்த வீட்டில் ஜெபமாலையோ அந்த வீட்டுக்காரர்கள் முதலில் ஐரீனைத்தான் கூப்பிட்டார்கள். சிலேட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பக்கத்துச் சந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் ஐரீனின் கையைப் பார்த்து முழங்காலிட்டார்கள். சுரூபம் மேஜையில் தனியாக நின்றது. ஒரு நாள் அதன் பூமாலையை மாற்றக்கூட யாருக்கும் ஞாபகமில்லை. வாடிய மாலையைப் பார்த்தபோது ரோஸ்மேரிக்கு வருத்தம்தான் வந்திருக்கவேண்டும். ஆனால் வந்தது ஒரு சந்தோஷம். 'பாருங்கடி, உங்க பக்தியை' என்று. பிறகு அவளே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மாலையை மாற்றவில்லை.

ஜெபத்தை நடத்துவது அவள்தான். ஆனால் இப்போது அவள் சொல்லும் ஜெபங்கள், ஐரீன் சிலேட்டைத் திறக்கும் நேரம் வரைக்கும் ஜனங்கள் பொறுத்துக்கொள்ளும் ஒன்றாக ஆகிவிட்டன. சனிக்கிழமை ஒரு சந்தியில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து அவள் மாதாவிடம் கணக்குக் கேட்டாள். 'பதினெட்டு வருஷம் உன் பேரைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை போச்சு. கால் வெடிக்க வெடிக்க நடந்து வந்தேன். என் வூட்டுப் பலகை காலியா கீது. உனக்கு இறால் நாத்தம் அடிக்கிற கைதான் கெடைச்சுதா தாயே?' கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. தன் பழைய ஜெபப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். கரப்பான் அரித்த ஓட்டைகள் மட்டும் தெரிந்தன.

இருபத்தேழாம் தேதி மதியம் அவளால் தாங்க முடியவில்லை. ஐரீன் கொட்டகையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. அந்தச் சந்தில் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. ரோஸ்மேரி உள்ளே போனாள். பீடத்தில் சிலேட்டு மாதா படத்தோடு சாய்ந்திருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு அதை எடுத்தாள். ஐரீன் அமுக்கும் இடத்தைப் பார்த்து வைத்திருந்தாள். அவசரத்தில் ஒரு தடவைக்கு ஐந்தாறு தடவை அமுக்கிவிட்டாள். பக்கம் கறுத்து வெளுத்து, கறுத்து வெளுத்து, எங்கேயோ போய் நின்றது.

ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். எழுத்துகள் மட்டுமே இருந்தன. முகம் இல்லை.

அவள் அதை ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டாள். சாராவுக்குத் தெரிகிறவள், பக்கத்துச் சந்துக்காரிகளுக்கெல்லாம் தெரிகிறவள், அந்த மாதா, தன்னைக் கண்டதும் எழுந்து போய்விட்டாள். சிலேட்டை மடியில் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐரீன் கூடையோடு உள்ளே வந்தாள். "இன்னா ரோஸு, வெறுந் தரையில குந்திகினு கீற? பாயை இழுத்துப் போட்டுக்கக் கூடாதா?"

"எனக்குத் தெரிய மாட்றா ஐரீனு."

என் வீட்டில் உனக்கு என்ன வேலை என்று ஐரீன் கேட்கவில்லை. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, சிலேட்டை வாங்கிப் பார்த்தாள்.

"எத்தினி தடவ அமுக்குன?"

"அஞ்சாறு இருக்கும்."

"அதான். தள்ளத் தள்ள தேஞ்சிடும்." மாதா படத்தைத் திரும்பக் கொண்டுவந்து பீடத்தில் வைத்தாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும். டீ குடிக்கலாம் வா."

டீ குடித்து முடித்ததும் சிலேட்டை ரோஸ்மேரியின் கையிலேயே கொடுத்தாள். "இப்ப அமுக்கு. ஒரே ஒரு தடவ."

எழுத்துக்கு அடியில் முகம் இருந்தது.

"இன்னொரு தடவ." முகம் வெளுத்தது. "இன்னும் ரெண்டு." போய்விட்டது.

"அப்ப இது மெஷின் கோளாறா?"

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, யாரு கேக்கறாங்க? சாராவாண்ட தனியா ரெண்டு தபா சொன்னேன். அழுவுறா. மருமவ ஆஸ்பத்திரில கெடக்க, இவளுக்கு இத்த பாத்தாதான் தூக்கம் வருதாம். புள்ள பொறந்து வூட்டுக்கு வரட்டும். அப்பறம் நானே எல்லாரையும் கூப்ட்டு அமுக்கிக் காட்டிடறேன். அதுவரைக்கும் நீ யாராண்டயும் சொல்லாத ரோஸு."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரோஸ்மேரிக்கு நெஞ்சு லேசாக இருந்தது. மாதா தன்னைவிட்டுப் போகவில்லை. ஐரீனிடமும் வரவில்லை. முதலில் சொன்னது ஆறுதல். இரண்டாவதுதான் இனித்தது.

முப்பத்தொன்றாம் தேதி நல்ல மழை. சந்தில் தார்ப்பாய் கட்டி, அடியில் பெஞ்சுபோட்டு, சுரூபத்தை அலங்கரித்திருந்தார்கள். டிபன் டப்பாவும் சீட்டுகளும் தயாராக இருந்தன. ரோஸ்மேரி காலையில்தான் பலகைத் துணியைத் துவைத்து விரித்துவிட்டு வந்திருந்தாள். அன்பியத் தலைவர் எழுந்து நின்றார்.

"இந்த வருஷம் சீட்டு வேணாம்னு எல்லாரும் சொல்றாங்க. மாதா தானே ஒரு வூட்டைக் காட்டிட்டா, அதுக்கு மேல நாம இன்னா குலுக்கறது? சுரூபம் ஐரீன் வூட்டுக்கே போவட்டும்."

"சீட்டே போடுங்க," என்றாள் ஐரீன். அதையும் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

ரோஸ்மேரி எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. ஐரீனின் மடியிலிருந்து சிலேட்டை எடுத்து, ஒரு தடவை அமுக்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். முகம் இருந்தது. அமுக்கினாள். இன்னொரு தடவை அமுக்கினாள். நாலு தடவை. பக்கம் சுத்தமாக நின்றது.

"எங்க மாதா? காட்டுங்க பாக்கலாம். இருவது நாளா மெஷின் நெழலுக்கு முட்டி போட்டுகினு கீறீங்க."

 சாரா எழுந்து வந்து சிலேட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். நின்றுபோன கடிகாரத்தை ஆட்டுகிற மாதிரி மெதுவாக ஆட்டிப் பார்த்தாள்.

"நேத்து இருந்தாளே," என்றாள். "நான் கேட்டேனே அவளாண்ட."

 ஐரீன் இப்போது சொல்வாள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாயே என்று சொல்வாள் என்று ரோஸ்மேரி காத்திருந்தாள். சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஐரீன் சொல்லவில்லை. சாராவின் கையிலிருந்து சிலேட்டை வாங்கி அணைத்துப் பைக்குள் வைத்தாள். சாராவின் தோளைப் பிடித்துச் சுரூபத்தின் பக்கம் திருப்பினாள்.

"அங்க பாரு சாரா. பாவம், இருவது நாளா நம்ம முதுவையே பாத்துகினு நிக்கிறா. அவளாண்ட கேளு. நேத்து கேட்டதையே திரும்பிக் கேளு, அவ ஒண்ணும் நெனச்சிக்க மாட்டா." பிறகு, "ரோஸு, நீ ஆரம்பி," என்றாள்.

ரோஸ்மேரி ஆரம்பித்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெபமாலை முடிந்து மன்றாட்டு மாலைக்கு வந்தாள். முதல் கோபுரம். இரண்டாவது கோபுரம். அங்கே நின்றுவிட்டாள். இந்தத் தடவை மறதி இல்லை. அடுத்த வார்த்தை நாக்கில் இருந்தது, ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது. ஜனங்கள் தலையைத் தூக்கினார்கள்.

ஐரீனின் ஜெபமாலை பெஞ்சில் பட்டுத் தரையில் விழுந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். ரோஸ்மேரி மட்டும் முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மழைக்கு நாலு நாளாகப் படகு போகவில்லை, கொட்டகையில் இறால் இல்லை. ஐரீனின் விரல்கள் கட்டையாக உலர்ந்திருந்தன. ஐரீன் குனிந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே ரோஸ்மேரி பொன் ஆலயத்தைச் சொல்லி முடித்தாள்.

பிறகு சீட்டுப் போட்டார்கள். கஸ்பார்தான் எடுத்தார். சாராவின் பெயர் வந்தது. சுரூபம் அவள் வீட்டுக்குப் போனது. பன்னிரண்டு நாள் கழித்து மருமகள் பெண் குழந்தையோடு வந்தாள். சுரூபம் கொடுத்தது என்றார்கள் சிலர், சிலேட்டு கொடுத்தது என்றார்கள் சிலர். ஐரீன் அந்தப் பேச்சுக்கே போகவில்லை.

ரோஸ்மேரி பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் கொடுத்த அபராத ஜெபங்களைச் சொல்லி முடித்தாள். ஆனால் ஐரீனிடம் சொல்லவேண்டியது வாய்க்கு வரவில்லை. ஒருநாள் நெத்திலிக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஐரீன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "உப்பு கம்மி ரோஸு" என்றாள், சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். பேச்சு அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து ரோஸ்மேரி அந்தக் காலிப் பலகையில் கஸ்பாரின் சவரக் கண்ணாடியைத் தானே எடுத்து வைத்தாள். கஸ்பார் இரண்டு நாள் பயந்துபோய் வேறு இடத்தில் சவரம் செய்தார்.

அடுத்த மே மாதம் பிராங்கிளினுக்குத் தூத்துக்குடியில் பெண் அமைந்தது. அங்கேயே வீடு எடுத்து அக்காவையும் கூட்டிக்கொண்டான். ஐரீன் போன பிறகு அவளும் ரோஸ்மேரியும் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த வருஷ ஜெபமாலை மாதம் பிறப்பதற்கு முன்னாலேயே, சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், ஐரீன் அங்கே கண்ணை மூடிவிட்டதாகத் தகவல்தான் வந்தது.

ஐரீன் தூத்துக்குடிக்குக் கிளம்பிய அன்று சந்து முழுக்க ஆட்டோவைச் சுற்றி நின்றது. சாரா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து ஐரீனின் கையால் சிலுவை போட்டு வாங்கிக்கொண்டாள். சிலேட்டு இருந்த பை ஐரீனின் மடியில் இருந்தது. ரோஸ்மேரி கடைசிப் பையை உள்ளே வைத்துவிட்டு, ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஐரீனு, எம்மேல கோவமா கீறியா நீ?" என்றாள் கடைசியில்.

ஐரீன் அவள் கைமேல் தன் கையை வைத்தாள். கொஞ்சம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"ரெண்டாவது கோபுரம் வந்ததும் மூச்சு வாங்கிகினு மெதுவா போ ரோஸு. மணியைக் கீழ போட இனிமே நான் இருக்க மாட்டேன்."